இல்லை என்றால் இரண்டு

செருப்ப வாசல்லயே விட்ருங்க சிஸ்டர். தப்பா நெனைக்காதீங்க, எங்க வீட்டுக்குள்ள செருப்பு வர்றதில்ல, கல்யாணம் ஆன நாள்லருந்து அப்படியே பழகிப்போச்சு. வாங்க, இப்படி ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. என்ன வெயிலு, என்ன வெயிலு. பங்குனி பொறந்தாலே சாத்தூர்ல மனுசன் இருக்க முடியாது.

ராமு! ஏ ராமுத்தாயி! ஆஸ்பத்திரியிலருந்து சிஸ்டர் வந்திருக்காக. காப்பி போடு. சீனி கம்மியாப் போடு.

அட, நீங்க எந்திரிக்காதீங்க. அவ போடுவா. உக்காந்துக்கிட்டேதான் எல்லாம் செய்யிறா. கால எடுத்து அஞ்சு மாசம் ஆச்சுல்ல. வீட்டுக்கு வந்த மறு வாரமே கொத்தனார வரச்சொல்லி அடுப்பு மேடைய இடிச்சுட்டேன். கேஸ் அடுப்பு இப்ப தரையில. அரிசி டின்னு, பருப்பு டப்பா, மிக்சி, அம்புட்டும் கை எட்டுற ஒசரத்துல. ஒரு காலை ஊனி, கையத் தரையில குடுத்து உந்தி உந்தி அவளே நகந்துக்கிருவா. யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்ல. திருப்பூர்லருந்து எம் மக கோமதி வந்து அடுப்படியப் பாத்துட்டு அழுதுட்டா. அப்பா அம்மாவுக்காக எம்புட்டு செஞ்சிருக்காருன்னுதான் அழுதிருக்கும். திரும்பிப் போறவரைக்கும் எங்கிட்டப் பேசவே இல்ல, அம்புட்டுச் சங்கடம் அதுக்கு.

ஏதும் வாடை அடிக்குதா உங்களுக்கு? மூக்கத் தொடைக்கிறீங்களே, அதான் கேட்டேன். எங்கேயோ எலி செத்துக் கெடக்கு. நானும் நாலு நாளாப் பரண், பீரோவுக்குப் பின்னாடி, எல்லாம் தேடிட்டேன், அம்புடல. அடுப்படிப் பக்கந்தான் எங்கயோ இருக்கு.

சரி, சொல்லுங்க. சர்டிபிகேட் விசயந்தான? ஆடியில ஒருதடவ ஃபோன் பண்ணி, விடாமப் பதில் அனுப்புறவங்க லிஸ்ட்ல நீங்கதான் சார் மொதல்லன்னு ஒரு பிள்ள சொல்லுச்சு. சர்டிபிகேட் குடுப்போம்னு சொல்லுச்சு. அவ பேர்ல குடுத்தாலும் சரி, எம் பேர்ல குடுத்தாலும் சரி. கொண்டல்சாமின்னு போடுங்க, கொண்டசாமின்னு போட்றாதீங்க, எல்லாரும் அப்படித்தான் எழுதுறான்.

அது இல்லயா? பெறகு?

அம்மாவப் பாக்கணுமா. பாக்கலாமே. ஆனா அவ என்னத்தச் சொல்லப் போறா? நீங்க எங்கிட்டயே கேளுங்க. அவளுக்கு எல்லாம் நான்தான்.

எது ஒத்துப்போகல? ஓ. பெரிய ஆஸ்பத்திரி நோட்டுல காலை எடுத்தாச்சுன்னு இருக்கு, உங்க கம்ப்யூட்டர்ல நேத்துகூட அரை மணி நேரம் நடந்தாகன்னு இருக்கு. அதான் வந்திருக்கீக. சரி சரி. கேக்க வேண்டியதுதான். நான் சொல்றேன், ஒண்ணுவிடாமச் சொல்றேன், எழுதிக்கங்க.

போன வருசம் சித்திரையில பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கல்யாண மண்டபத்துல சுகர் முகாம் போட்டீக. நாங்க ரெண்டு பேரும் வந்தோம். எனக்குப் பார்டர்னு சொன்னாக. அவளுக்கு முந்நூத்திப் பத்து. டாக்டரு பொம்பளப் பிள்ளதான், நல்லாப் பேசுச்சு. மாத்திரை குடுத்துட்டு, தினமும் ஃபோனுக்கு ஒரு செய்தி வரும்மா, என்ன சாப்பிடணும், எப்படிச் சாப்பிடணும்னு அதுல வரும், கடைசியில ஒரு கேள்வி கேக்கும், ஒண்ணு இல்லன்னா ரெண்டு அமுக்கி அனுப்புங்க போதும்னு சொல்லுச்சு. நம்பர் சொல்லுங்கன்னுச்சு.

ராமு அவ நம்பரச் சொல்லப் போயிட்டா. தொண்ணூத்தி நாலுன்னு ஆரம்பிச்சுட்டா. நான்தான் மறிச்சேன். பொம்பளைக நம்பர முன்னப்பின்ன தெரியாத எடத்துல குடுக்கலாமா? நீங்களே சொல்லுங்க. உங்களைச் சொல்லல, பொதுவாச் சொல்றேன். ரேசன் கார்டு, கேஸ் புக்கு, பேங்கு, எல்லாத்துலயும் எந் நம்பர்தான். அவகிட்ட ஒரு சின்ன ஃபோன் இருக்கு, மக பேசுறதுக்கு. அது போதும்ல அவளுக்கு.

படிக்கத் தெரியாமயா? நல்லாக் கேட்டீக. பத்தாவது பாஸ் அவ. எனக்கு ரெண்டு தரம் எழுதியும் கணக்கு வரல. சேவு கட்டிவந்த காகிதத்தைக்கூடப் பிரிச்சு நீவி வச்சுப் படிச்சுட்டுத்தான் போடுவா.

நான் வேலை பாத்தது கரண்டு ஆபீஸ்ல. வீடு வீடாப் போயி மீட்டர் ரீடிங் எடுக்கிறது. முப்பத்திரெண்டு வருசம். வெயில்ல அலைஞ்சு, நாய்கிட்டக் கடி வாங்கி, போற வீட்டுலயெல்லாம் என்னமோ நான்தான் கரண்டைத் திருடித் திங்கிற மாதிரி மொறைப்பாக. ஒருத்தனும் ஒரு வாய்த் தண்ணி குடுத்ததில்ல. ஒருத்தனும் நன்றின்னு சொன்னதில்ல. உங்க ஃபோன் செய்தி இருக்கு பாருங்க, நாம ஒண்ணுன்னு அனுப்புன அடுத்த நிமிசம் டிங்குனு வருது. "உங்கள் பதில் பதிவானது. நன்றி." ஒவ்வொரு நாளும், சிஸ்டர். ஒவ்வொரு நாளும் நன்றி. எனக்கு எப்படி இருக்கும்?

அதனால நான் ஒரு நாள்கூட விட்டதில்ல. காலைல எட்டு மணிக்கு வரும், எட்டு அஞ்சுக்குள்ள பதில் போயிரும். அனுப்பிட்டு உள்ள ஒரு சத்தம் குடுப்பேன். ராமு, ஒண்ணு போட்டாச்சு! அவளும் அடுப்படியிலருந்து சரிங்கன்னு சொல்லுவா.

என்ன வந்துச்சுன்னா கேக்கீங்க? எல்லாம் நல்ல விசயந்தான். சோத்தைக் கொற, காயைக் கூட்டு. தட்டுல பாதி காய்கறி, கால்வாசி சோறு, கால்வாசி பயறு பருப்பு. சேவு, முறுக்கு வேண்டாம். கம்பு, தினை சேத்துக்க. நான் படிச்சுட்டு அன்னைக்கே மார்க்கெட்டுக்குப் போயி அவரைக்கா, பீர்க்கங்கா, கீரைன்னு பை நெறைய வாங்கிட்டு வந்துட்டேன். அன்னைலருந்து இந்த வீட்டுச் சமையலே மாறிப்போச்சு. நீங்க வேற யார் வீட்டுலயாவது அப்படி மாறிப் பாத்திருக்கீகளா?

"உங்கள் தட்டில் பாதி காய்கறி இருந்ததா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2." முந்தின நாள் மத்தியானம் தின்ன தட்டை நெனச்சுப் பாப்பேன். பாதி காய் இருந்துச்சு. ஒண்ணு.

என் தட்டுதான். ஏன், ஒரே வீடு, ஒரே அடுப்பு, எனக்கு வெந்ததுதான அவளுக்கும்? அவ எப்பவும் நான் சாப்பிட்ட பெறகுதான் சாப்பிடுவா. அப்ப நான் செத்த கண்ணசந்திருப்பேன். அவ தட்டுல என்ன இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மிஞ்சினதைத் திம்பா. சோத்தைக் கொட்ட மாட்டா அவ, ராத்திரிச் சோத்துல தண்ணி ஊத்தி வச்சுக் காலைல குடிப்பா. காய் மிஞ்சாதுல்ல, நான்தான் பாதித் தட்டு காய் திங்க ஆரம்பிச்சுட்டேனே. நான் சோத்தைக் கொறைக்கக் கொறைக்க, ஒலையில போட்ட அரிசி அவ பக்கம் கூடிருச்சு. கொஞ்சமாப் போடுடின்னா, நாலு பேர் வந்து போற வீடுங்கிறா. யார் வர்றா இப்ப?

நான் சேவு திங்கிறதை நிப்பாட்டுன அன்னைக்கு வீட்டுல அரைக் கிலோ கெடந்துச்சு. அதையும் அவதான் தீத்தா. காசு குடுத்து வாங்குனதைத் தூரவா போட முடியும்?

ஆனா ஒண்ணு சொல்றேன் சிஸ்டர், உங்க செய்தி சும்மா இல்ல. அப்படியே வேலை செய்யிது. எனக்குப் பத்துக் கிலோ கொறஞ்சுபோச்சு. பார்டர்னு சொன்னாகல்ல, இப்ப நார்மல். இந்தா பாருங்க, பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்கேன். சர்டிபிகேட் குடுக்கிற அன்னைக்கு இதையும் சொல்லுவோம்.

கால் விசயத்துக்கு வர்றேன். அதைத்தான கேக்கீங்க. வர்றேன்.

ஆனி மாசம் எனக்கு நெஞ்சு கரிச்சுச்சு. பயந்துட்டோம். கடைசியில பாத்தா கேஸு. ஆனா அதுக்குள்ள இவ இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டா. அவருக்கு ஒண்ணும் ஆகலைன்னா, ஆடி வெள்ளிக்கு வீட்டுலருந்து வெறுங்கால்ல நடந்து வர்றேன் தாயேன்னு. ரொம்பத் தூரமில்ல, நம்ம ஊர்ச் சனம் பூரா நடக்கும். ஆனா ரோடு கொதிக்கும்.

அந்த வாரம் பாத்து உங்க செய்தி வருது. "வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். வீட்டிற்குள்ளும் செருப்பு அணியுங்கள்." வீட்டுக்குள்ள செருப்பாம். சாமி படம் இருக்கிற வீட்டுல அது எப்படிங்க? நீங்க சொல்றது ஆஸ்பத்திரிக்குச் சரி. கேள்வி என்னன்னா, வெளியே போகும்போது செருப்பு அணிகிறீர்களா? மத்த நாள்ல எல்லாம் போடுறாள்ல? ஒண்ணு போட்டேன்.

இல்ல, அவகிட்டப் படிச்சுக் காட்டல. எனக்காக நேந்துக்கிட்டது. நானே போயி, போகாதடின்னு சொன்னா ஆத்தா என்ன நெனைப்பா? ஏற்கெனவே நெஞ்சு கரிக்குது.

போயிட்டு வந்தா. சந்தோசமாத்தான் வந்தா. காலு மதமதன்னு இருக்கு, சூடே தெரியலன்னு சொன்னா. அது ஆத்தா அருள்னு பக்கத்து வீட்டுப் பொம்பள சொல்லுச்சு. நானும் அப்படித்தான் நெனச்சேன். ரோடு அந்தக் கொதி கொதிக்குது, இவளுக்குச் சூடே தெரியலன்னா வேற என்னன்னு நெனைக்க? நீங்க அப்படிப் பாக்காதீங்க சிஸ்டர். எனக்கு யார் சொன்னா, சுகர் இருந்தா காலு மரத்துப்போகும்னு?

செய்தியில வந்துச்சா? வந்திருக்கும். கேள்வி கடைசியிலதான இருக்கும். நான் கேள்வியப் பாத்துப் பதில் போட்ருவேன்.

திங்கக்கிழமை தவறாம வர்றது பாதம். எனக்கு மனப்பாடம். "உங்கள் பாதங்களைப் பார்த்தீர்களா? புண், வெடிப்பு, நிறமாற்றம் உண்டா? உண்டு என்றால் 1, இல்லை என்றால் 2." ரெண்டு போடுவேன். ராமு, புண்ணு இல்லைன்னு போட்டாச்சு! சரிங்கன்னுவா.

பாக்கலதான். ஒவ்வொரு வாரமும் பொண்டாட்டி காலைத் தூக்கிப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா ஆம்பள? இதுக்கெல்லாம் ஒரு மொறை இருக்கு, கேளுங்க. நான் ரீடிங் எடுக்கப் போறேன், வீடு பூட்டிக் கெடக்கு. என்ன செய்ய? பூட்டை ஒடைக்கவா? போன தடவ என்ன ரீடிங்கோ அதையே போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிக்கிட்டே இருப்போம். ஆபீஸே அப்படித்தான் போடச் சொல்லும். அடுத்த தடவ எடுக்கும்போது சரியாயிரும். போன வாரம் புண்ணு இல்ல, இந்த வாரமும் இல்ல. நான் செஞ்சது அதுதான். பொய் சொல்லல.

போட்ட ரீடிங்க மாத்துறதுதான் தப்பு. எனக்கு அந்த அனுபவம் உண்டு. சர்வீஸ்ல ஒரே ஒரு தடவ, ஒரு வீட்டுக்காரரு கண்ணு கலங்குறாரேன்னு போட்ட ரீடிங்க அடிச்சுத் திருத்திட்டேன். மெமோ. மூணு மாசம் சஸ்பெண்டு. அந்த மூணு மாசமும் ராமு கம்மங்கூழைக் கரைச்சுக் குடிச்சா, எனக்கு மட்டும் அரிசிச் சோறு பொங்கிப் போட்டா. கோமதி அப்ப கைப்பிள்ள. ராவெல்லாம் அழுதுக்கிட்டே இருப்பா இவ. அன்னைலருந்து நான் வேலைக்குக் கிளம்புறப்பல்லாம் அவ சொல்றது அதுதான். ஏங்க, போட்டது போட்டபடி இருக்கட்டும், மாத்தி எழுதிறாதீகன்னு. நான் ரிட்டயர் ஆகுற அன்னைக்குவரை சொன்னா.

பெறகு என்ன, புரட்டாசி கடைசியில ஒரு நாள் காய்ச்சல்னு விழுந்துட்டா. போர்வைய எடுத்தா கால் பெருவிரல்லருந்து கணுக்கால்வரைக்கும் கருப்பு. பெரிய ஆஸ்பத்திரியில முட்டிக்குக் கீழ எடுத்துட்டாக. அந்த டாக்டரு என்னையக் கேக்காரு, இத்தன நாள் என்னய்யா பண்ணேன்னு. நான் ஃபோனை எடுத்துக் காட்டிட்டேன். பாருங்க சார், ஒரு வாரம் விடல, எல்லாத்துக்கும் பதில் போட்டிருக்கேன், எல்லாம் பதிவாயிருக்குன்னு. நோட்டுல என்னமோ எழுதிட்டுப் போயிட்டாரு மனுசன்.

நடந்தாகன்னு போட்டதா? அதுவா. நாள் பூரா அடுப்படிக்கும் பாத்ரூமுக்கும் நகந்துக்கிட்டுத்தான இருக்கா. அரை மணி நேரம் என்ன, கூடவே வரும். ரெண்டுன்னு போட்டா உங்க செய்தி நின்னுபோகுமோன்னு ஒரு இது.

இன்னொரு காலா? இருக்கே, வலது காலு. அதுக்கு ஒண்ணும் இல்ல. டாக்டர் வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லித்தான் அனுப்புனாரு, இனி இந்த ஒத்தக் காலைக் கண்ணாட்டம் பாத்துக்கணும்னு. இன்னைக்குத் திங்கக்கிழமைல்ல. காலைலகூட ரெண்டு போட்டேன். பதிவாயிருச்சு. உங்க கம்ப்யூட்டர்ல இருக்கும் பாருங்க.

சிஸ்டர், எங்க போறீங்க? காப்பி இங்கயே வரும். அட, அடுப்படியெல்லாம்... சரி, போங்க. உள்ள தண்ணி சிந்திக் கெடக்கும், வழுக்கும்.

ராமு, சேலையச் சரிபண்ணு, சிஸ்டர் வர்றாக! என்னமோ காலைப் பாக்கணுமாம்.

நான் இங்கருந்தே பேசுறேன் சிஸ்டர், கேக்குதுல்ல? அவ கூச்சப்படுவா. எந்நேரமும் சேலைய இழுத்துப் பாதத்தை மூடித்தான் உக்காந்திருப்பா, இப்ப கொஞ்ச நாளா ரொம்ப. நான் கேக்கல. ஒரு காலு போனவளுக்கு இருக்கிற காலைக் காட்ட வெக்கமா இருக்கும்ல?

பாத்தாச்சா?

சிஸ்டர்?

ராமு, என்ன அது? நகரு, நான் பாக்கிறேன். ஐயய்யோ. இதென்னடி இது? குதிகால் பூரா... துணிய வச்சுக் கட்டியிருக்கா சிஸ்டர். எம் பழைய பனியனைக் கிழிச்சுக் கட்டியிருக்கா.

எலி இல்ல. எலின்னு நான் பரணெல்லாம் தேடினேனே.

தரையில உந்தி உந்தித் தேஞ்சதா? நான்தான சிஸ்டர் அடுப்பைக் கீழ எறக்குனேன். அவ நல்லதுக்குத்தான் எறக்குனேன்.

எத்தன நாளாடி? மூணு வாரமா? மூணு வாரமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலயா உனக்கு? நான் என்ன அசலூர்க்காரனா? சத்தமாச் சொல்லு. சிஸ்டர் இருந்தா என்ன, சொல்லு.

கேட்டீங்களா சிஸ்டர், என்ன சொல்றா பாருங்க. "நீங்க திங்கக்கிழமையே இல்லைன்னு போட்டுட்டீக. நான் புதங்கிழமதான் பாத்தேன். போட்ட பெறகு எப்படி மாத்துறது? ஆஸ்பத்திரியிலருந்து உங்களுக்கு மெமோ கிமோ வந்துருச்சுன்னா?"

மெமோவாம். ரிட்டயர் ஆகி ஏழு வருசம் ஆச்சு சிஸ்டர். ஏழு வருசம்.

மறு திங்கக்கிழம சொல்லலாம்ல? "அதுக்குள்ள நீங்க மறுபடியும் போட்டுட்டீக"ங்கிறா. நான் எட்டு அஞ்சுக்கே போட்ருவேன். சரிங்கன்னாளே. இன்னைக்குக் காலைலகூடச் சரிங்கன்னா.

அந்தக் காலுக்கும் இப்படித்தானா ராமு? மொதக் காலுக்கும்? தெரிஞ்சேதான் இருந்தியா?

காப்பி ஆறுது, எடுத்துக்கங்கன்னு சொல்றா உங்ககிட்ட.

நீங்க ஃபோன் பேசுங்க சிஸ்டர், பேசுங்க, ஆம்புலன்ஸ வரச்சொல்லுங்க. காலை எடுக்க மாட்டாகல்ல? ஏன் அங்கிட்டுத் திரும்பிக்கிறீங்க? ஃபோன் எங்க, எம் ஃபோனு? இந்தா இருக்கு. இன்னைக்குத் தேதிதான, இன்னும் பொழுது இருக்குல்ல. ஒண்ணு. உண்டு என்றால் ஒண்ணு. இந்தா போட்டுட்டேன். ராமு, புண்ணு இருக்குன்னு போட்டுட்டேன்டி. மெமோ வந்தா வரட்டும்.

வந்துருச்சு. பதில் வந்துருச்சு சிஸ்டர். படிக்கிறேன் இருங்க, கண்ணு தெரிய மாட்டேங்குது.

"இந்த வாரத்திற்கான உங்கள் பதில் ஏற்கெனவே பதிவாகிவிட்டது."

நன்றின்னு வேற போட்டிருக்கு.